தொண்ணூறு ஆம்பியர்

அத்தியாயம் மூன்று

நீலாவதியின் மூளையைவிட அவருடைய வயிறு சுறுசுறுப்பானது. துறைமுகத்தின் சரக்குச் சோதனைப் பிரிவில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றியபோதே அவர் இதைக் கண்டுகொண்டிருந்தார். எதிரில் நிற்பவரின் பேச்சில் ஓட்டை எங்கே என்று மூளை தேடிக்கொண்டிருக்கும். அதற்குள் வயிறு ஒருமுறை புரண்டு குமட்டலை மேலே அனுப்பிவிடும். விருப்ப ஓய்வு பெற்றுத் துப்பறியும் தொழிலுக்கு வந்த பிறகும் அதன் சேவை தொடர்ந்தது.

இந்த வழக்கில் நேற்றிலிருந்தே குமட்டல். யாரைப் பார்த்து என்பதுதான் தெரியவில்லை.

வழக்கு மிகச் சிறியது. நடு அந்தமானின் ரங்கத்தில் மருந்துச் சங்கம் ஒன்று இருக்கிறது. அதற்குச் சொந்தமாக முப்பது வயது டீசல் ஜீப். சேறானாலும் மேடானாலும் நான்கு சக்கரமும் சேர்ந்து இழுக்கும். வாரம் ஒருமுறை அது போர்ட் பிளேருக்குப் போய், பின்னால் பொருத்திய மின்சாரக் குளிர்ப்பெட்டியில் இன்சுலினை ஏற்றிவந்து, சுற்றுவட்டக் குடியிருப்புகளில் நாற்பத்தொரு சர்க்கரை நோயாளிகளுக்குச் சேர்க்கும். ஓடும் இஞ்சினிலிருந்து மின்சாரம் எடுத்து பாட்டரிக்கு ஊட்டும் கருவி ஆல்டர்னேட்டர். ஜீப்போடு கூடப்பிறந்த ஆல்டர்னேட்டர் முப்பத்தைந்து ஆம்பியர்தான். இரண்டு விளக்கு, ஒரு ஹாரன் என்று வண்டிகள் எளிமையாக வாழ்ந்த காலத்துச் சரக்கு. குளிர்ப்பெட்டி ஏறியதும் அதற்கு மூச்சு வாங்கியது. ஆகவே சங்கம் தொண்ணூறு ஆம்பியரில் புதியது ஒன்றைச் சென்னையிலிருந்து கப்பலில் வரவழைத்து, போர்ட் பிளேரை அடுத்த கராச்சர்மாவில் பட்டறை வைத்திருக்கும் விஜயனிடம் கொடுத்துப் பொருத்தியது.

மூன்று பயணங்கள் ஒழுங்காக நடந்தன. நான்காவது பயணத்தில், மழையில், காப்புக்காட்டுக் கேட் வரிசையில் வெகுநேரம் நின்றபோது பாட்டரி இறங்கிக் குளிர்ப்பெட்டி தானாக அணைந்துவிட்டது. ரங்கத்தில் நர்ஸ் ஷோபனா பெட்டியைத் திறந்தபோது மருந்து வெதுவெதுப்பாக இருந்தது. அத்தனையையும் அவள் கொட்டிவிட்டாள். பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், புதிய ஆல்டர்னேட்டரைக் காணோம். சாக்கில் கட்டி ஷெட் மூலையில் போட்டிருந்த பழையது, ஒன்றும் தெரியாததுபோல் அதன் இடத்தில் உட்கார்ந்திருந்தது.

ஷெட்டுக்குக் கதவில்லை, நான்கு கம்பம், ஒரு தகரக்கூரை. யார் வேண்டுமானாலும் மாற்றியிருக்கலாம். ஆனாலும் பழி டிரைவர் கந்தன்மேல் விழுந்தது. அருப்புக்கோட்டையிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. தீவில் அவனுக்காகப் பேச ஆளில்லை. இன்று பிற்பகல் மூன்று மணிக்குச் சங்கக் கூட்டம். வேலையிலிருந்து நீக்கம், போலீசில் புகார், சங்கம் கொடுத்த வீட்டைக் காலி செய்வது என்று தீர்மானம் தயாராகிவிட்டது. அவன் மனைவி சுப்பம்மாள் நேற்றே பாத்திரங்களைப் புடவையில் மூட்டை கட்டிக்கொண்டிருந்தாள். ஒரு துப்பறிவாளரை அழைத்தே தீரவேண்டும் என்று ஷோபனா பிடிவாதம் பிடித்ததால்தான் செயலாளர் சிவபிரகாஷ் நீலாவதிக்குக் கடிதம் எழுதினார். எழுதும்போதே, பெருந்தன்மையாக, “முடிவு தெரிந்ததுதான், இருந்தாலும் நியாயம் நடக்கட்டும்” என்று ஒரு வரியையும் சேர்த்திருந்தார்.

நேற்று ரங்கத்தில் ஜீப்பைப் பார்த்தபோது நீலாவதியின் கண்ணில் இரண்டு விஷயங்கள் பட்டன. பழைய ஆல்டர்னேட்டரைப் பிடித்திருந்த போல்ட்டுகளின் மரையில் துளி இடைவெளி இல்லாமல் கிரீஸ் தடவப்பட்டிருந்தது. அடுத்தது, அதன் மின்முனையில் உப்புக்காற்று படாதபடி ஒரு பிளாஸ்டிக் துண்டைச் சுற்றி நூலால் முடிந்திருந்தார்கள். பால்பவுடர் பாக்கெட்டிலிருந்து வெட்டிய துண்டு. அதில் அச்சடித்த பசுவின் தலையும் முன்கால்களும் மட்டும் இருந்தன.

உதவியாளன் கோகுல் அதைக் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டே, பின்பாதி இல்லாத பசு பால் கறக்காதே, பவுடர் எங்கிருந்து வந்திருக்கும் என்று விசாரித்தான். முப்பத்திரண்டு வயதாகியும் அவன் வாய்க்கு மட்டும் இன்னும் வயது வரவில்லை.

பிறகு கந்தனின் கருவிப்பெட்டியைத் திறந்தார்கள். உள்ளே ஒவ்வொரு ஸ்பேனரும் செங்கல் நிறத்தில் துருவேறிக் கிடந்தது.

“அக்கா, இந்தப் பெட்டியைத் தொட்டா எனக்கு ஊசி போடணும்” என்றான் கோகுல்.

நீலாவதிக்குச் சிரிப்பு வரவில்லை. வறண்ட கரிசல் காட்டில் வளர்ந்தவனுக்கு இரும்பு கெட்டுப்போகும் பொருள் என்றே தெரியாது. தன் சொந்த ஸ்பேனருக்கு எண்ணெய் காட்டாதவன், திருடும் அவசரத்தில் போல்ட்டுக்குக் கிரீஸ் தடவிக்கொண்டா இருப்பான்? அது இங்கே பிறந்து வளர்ந்த கை. திருடும்போதுகூடத் துருவுக்கு வைத்தியம் பார்த்த கை.

அந்தக் கை யாருடையது என்று கேட்கத்தான் நேற்றே மதிய பஸ்ஸில் போர்ட் பிளேருக்கு வந்து தங்கி, இன்று காலை ஏழு மணிக்கு விஜயனின் பட்டறையில் நின்றார்கள்.

விஜயன் ஐம்பது வயதுக்காரர். பேசும்போதும் கையிலிருந்த துணியால் எதையாவது துடைத்துக்கொண்டே இருந்தார். பட்டறையில் துரு என்பதே இல்லை. நீலாவதியின் சந்தேகம் ஒரு கணம் அவர்மேல் போய் உட்கார்ந்தது. புதியதை மாட்டாமலே மாட்டியதாகச் சொல்லியிருந்தால்?

அவர் கோபப்படவில்லை. தொண்ணூறு ஆம்பியரை மாட்டுவது பல்பு மாற்றுவதுபோல் அல்ல என்று நிதானமாக விளக்கினார். தடிமனான வயர் இழுக்க வேண்டும். அதைவிட முக்கியம் பெல்ட்.

“பெரிய ஆல்டர்னேட்டரை ஒத்தை பெல்ட்ல ஓட்டக் கூடாது மேடம். லோடு ஏறினா பெல்ட் வழுக்கும், பன்னி மாதிரி அலறும். அதனால இஞ்சின் பக்கத்துப் புல்லியையும் மாத்தி, ரெண்டு பள்ளம் இருக்கறதா போட்டேன். ரெண்டு பெல்ட்.”

நேற்றுப் பார்த்த காட்சி நீலாவதிக்கு நினைவு வந்தது. இஞ்சினின் புல்லிச் சக்கரத்தில் இரண்டு பள்ளங்கள் இருந்தன. ஒன்றில் பெல்ட் ஓடியது; மற்றொன்று வேலையிழந்து வெறுமையாகப் பளபளத்தது. பெல்ட் உரசி உரசி வந்த பளபளப்பு அது. ஆகவே இரண்டாவது பெல்ட்டும் ஓடியிருக்கிறது. புதிய ஆல்டர்னேட்டர் உண்மையாகவே அங்கே வேலை செய்திருக்கிறது. விஜயன் சொல்வது பொய்யில்லை. வயிறும் அமைதியாக இருந்தது.

“மின்முனையில பிளாஸ்டிக் சுத்தினது நீங்களா?”

“நான் ரப்பர் மூடி போடறவன். பிளாஸ்டிக் சுத்தறது கடலோரத்து வீடுகள்ல உள்ள பழக்கம். அப்பா செஞ்சதைப் பாத்துப் புள்ளை செய்யும். யோசிச்சுச் செய்யறதில்லை, கை தானா செய்யும்.”

வாசலில் ஹாரன் ஒலித்தது. செயலாளர் சிவபிரகாஷ் தம் ஜீப்பில் வந்திருந்தார். போர்ட் பிளேர் மருத்துவமனையில் இருக்கும் தம் சித்தி அன்னம்மாளைப் பார்க்க நேற்று வந்தவர், இப்போது ரங்கத்துக்குத் திரும்புகிறாராம். மருந்தைக் கொட்டிய பிறகு இன்சுலின் கிடைக்காமல் போன நான்கு நாளில் நினைவிழந்து விழுந்தவர் அந்த அன்னம்மாள்தான். “சலோ மேடம், கூட்டத்துக்கு நாமெல்லாம் ஒண்ணாப் போயிடலாம். பஸ்ல ஏன் கஷ்டப்படணும்” என்று அவரே இறங்கிக் கதவைத் திறந்துவிட்டார்.

அவர் மூன்று தலைமுறைத் தீவுக் குடும்பம். வெள்ளைச் சட்டை, சந்தனப்பொட்டு, யாரிடமும் குரல் உயர்த்தாத பேச்சு. சங்கப்பணி போக, சுற்றுலாப் பயணிகளுக்கு ஜீப் ஓட்டுகிறார். வண்டி சங்க ஜீப்பின் வயதுதான். ஆனால் அலங்காரத்தில் இளமை மாறவில்லை. கூரைமேல் எட்டு விளக்குகள். இருக்கைக்குப் பின்னால் ஆளுயரத்தில் பாதி வரும் இரண்டு பாட்டுப் பெட்டிகள்.

நீலாவதி ஏறி உட்கார்ந்ததுமே வயிறு புரண்டது. கண்ணாடியில் தொங்கிய மல்லிகை சென்ட் புட்டி ஒருபுறம். காலடியில் இருந்த பையில் கனிந்து உடைந்த சப்போட்டாப் பழங்கள் மறுபுறம். இரண்டு வாடையும் கலந்து தொண்டையில் ஒட்டியது. வண்டி கிளம்பியதும் பாட்டு ஆரம்பித்தது. இருக்கை அதிர்ந்தது, முதுகெலும்பில் யாரோ உலக்கையால் இடிப்பதுபோல் இருந்தது. பாட்டின் நடுவே, இடி விழும் ஒவ்வொரு இடத்திலும், இஞ்சின் பக்கமிருந்து கீச்சென்று ஒரு சத்தம் எழுந்து அடங்கியது.

“புது பெல்ட் மேடம். செட் ஆயிடும். டென்ஷன் மத் லோ, கவலையே வேணாம்” என்றார் சிவபிரகாஷ்.

வழியெல்லாம் அவர் கந்தனுக்காக வருத்தப்பட்டார். ஏழை, புத்தி கெட்டுவிட்டது. போலீசில் மெதுவாகக் கவனிக்கச் சொல்லித் தாமே பேசப்போகிறார். இரக்கம் சர்க்கரைப்பாகுபோல் ஒழுகிக்கொண்டே வந்தது. விஜயன் என்ன சொன்னார் என்பதை மட்டும் மூன்று விதமாகக் கேட்டார். கோகுல் மூன்று முறையும், விஜயன் துணியால் துடைத்ததைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை என்று பதிலளித்தான்.

ஒன்பது மணி வரிசையில் வண்டிகள் பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் நுழைந்தன. காட்டுக்குள் நிற்கக்கூடாது, பாட்டு போடக்கூடாது. சிவபிரகாஷ் பாட்டை அணைத்தார். அடுத்த ஒன்றரை மணி நேரம் மரங்களும் இஞ்சின் உறுமலும் மட்டுமே. கோகுல் தூங்கிப்போனான். நீலாவதி தூங்கவில்லை. காட்டின் நடுப்பகுதிக்கு வந்தபோது அவர் ஒன்றைக் கவனித்தார். பாட்டு நின்றதிலிருந்து கீச்சொலியும் நின்றுவிட்டிருந்தது.

புதிய பெல்ட் பாட்டைக் கேட்டா அலறும்?

குமட்டல் யாரைப் பார்த்து என்பது அந்த இடத்தில் அவருக்கு விளங்கிவிட்டது. விளங்கியதும் அது இரட்டிப்பானது. கால்களைச் சப்போட்டாப் பையிலிருந்து நகர்த்திக்கொண்டார். அந்த இருக்கையில் தம் முதுகு படுவதே அவருக்கு அருவருப்பாக இருந்தது. ஆனால் ஊகம் கூட்டத்தில் செல்லாது. காடு முடியட்டும் என்று காத்திருந்தார்.

காட்டின் முடிவில் கடற்கழி. வண்டிகளை ஏற்றிக்கொண்டு பாராடாங் கரைக்குக் கடக்கும் ஃபெர்ரி அங்கே தயாராக நின்றது. ஏறியதும் எல்லா வண்டிகளும் இஞ்சினை அணைத்தாக வேண்டும். ஃபெர்ரியின் நடைமுறை அது. சிவபிரகாஷும் அணைத்தார்.

அப்போது நீலாவதி செய்த காரியம் கோகுலின் வாயையே ஒரு நிமிடம் மூட வைத்தது. காலையெல்லாம் காதைப் பொத்திக்கொண்டு வந்தவர், மிக இனிமையாகத் திரும்பி, அந்தப் பாட்டை மறுபடியும் போடச் சொன்னார்.

“புடிச்சிருக்கா மேடம்?” சிவபிரகாஷின் முகம் மலர்ந்தது.

“ரொம்ப. இன்னும் சத்தமா வையுங்க. மேலே எட்டு விளக்கு இருக்கே, எரியுமா, சும்மா அழகுக்கா?”

தம் விளக்குகளைச் சந்தேகித்தால் அவரால் தாங்க முடியுமா? பட்டப்பகலில் எட்டும் எரிந்தன. பக்கத்து பஸ்ஸில் இருந்தவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். இஞ்சின் அணைந்திருக்க, பாட்டும் விளக்கும் சேர்ந்து பாட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தன.

கோகுல் அருகில் சாய்ந்தான். “அக்கா, வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

“ஒரு கதை சொல்றேன், கேளு” என்றார் நீலாவதி, முன்னிருக்கைக்கும் கேட்கும் குரலில்.

ஒரு கரையில் ஒரு சங்கு நண்டு இருந்ததாம். அதன் ஓடு அதன் உடம்புக்குச் சரியாகவே இருந்தது. பக்கத்துப் பாறையடியில் இன்னொரு நண்டு ஒரு பெரிய ஓட்டில், வெயில் தாங்காத குஞ்சுகளை நிழலில் வைத்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் அது இரை தேடப் போன சமயத்தில், முதல் நண்டு குஞ்சுகளை வெளியே உருட்டிவிட்டுப் பெரிய ஓட்டுக்குள் புகுந்துகொண்டது. ஓடு கம்பீரமாகத்தான் இருந்தது. ஆனால் உடம்பு சிறிது. அடி எடுத்து வைத்தபோதெல்லாம் ஓடு ஆடிக் கல்லில் மோதிக் கடகடவென்றது. தன் பெருமையைத்தான் கரை முழுவதும் பறைசாற்றுகிறது என்று நண்டு நினைத்துக்கொண்டது.

சிவபிரகாஷ் திரும்பிப் பார்த்தார். “அப்புறம்?”

“அப்புறம் கரை வந்துது. வண்டியை எடுங்க.”

ஃபெர்ரியின் முன்பலகை பாராடாங் கரையில் இறங்கியது. சிவபிரகாஷ் சாவியைத் திருப்பினார். களைத்த பாட்டரி முனகி, இருமுறை தடுமாறி, ஒருவழியாக இஞ்சினை எழுப்பியது. மறுகணம் அலறல் எழுந்தது. கீச்சு அல்ல; கழுத்தில் கத்தி வைத்த பன்றியின் ஓலம். பஸ்ஸில் ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது. கரையில் நின்ற போலீஸ்காரர் தேநீர்க் குவளையோடு திரும்பினார்.

நீலாவதி கையை நீட்டிப் பாட்டை அணைத்தார், விளக்குகளையும் அணைத்தார். அலறல் தணிந்தது. மறுபடி போட்டார். மறுபடியும் ஓலம்.

“விஜயன் சொன்னது இதுதான்” என்றார். “பெரிய ஆல்டர்னேட்டர், ஒத்தை பெல்ட், ஏறின லோடு. உங்க இஞ்சின் புல்லியில ஒரு பள்ளம்தான். அதை மாத்த உங்களுக்கு நேரமில்லை.”

வண்டி கரையேறி ஓரமாக நின்றது. முதலில் சிவபிரகாஷ் சிரித்தார். அந்தமானில் ஒரே ஒரு தொண்ணூறு ஆம்பியர்தான் இருக்கிறதா, அவரும் சென்னையிலிருந்து வரவழைத்திருக்கக் கூடாதா என்று கேட்டார். நியாயமான கேள்விதான். நீலாவதி போலீஸ்காரரை அருகில் அழைத்து, பானெட்டைத் திறக்கச் சொன்னார்.

ஆல்டர்னேட்டர் புதிதாக மின்னியது. போல்ட்டுகளில் கிரீஸ், துளி இடைவெளியின்றி. மின்முனையில் பிளாஸ்டிக் துண்டு, அதே நூல், அதே முடிச்சு. கோகுல் குனிந்து பார்த்தான். பிறகு தன் கைபேசியை அதன் அருகில் பிடித்தான். படத்தில் பசுவின் தலையும் முன்கால்களும். பிளாஸ்டிக்கில் மடியும் பின்கால்களும் வாலும். வெட்டிய விளிம்பின் கோணல்கூட ஒன்றோடொன்று பொருந்தியது.

“அக்கா, பசு முழுசாயிடுச்சு” என்றான் அவன். முதன்முறையாக அவன் குரலில் விளையாட்டு இல்லை.

ஒரு பாக்கெட்டை இரண்டாக வெட்டி, ஒரு பாதியைத் திருடிய பொருளுக்கும் மறுபாதியை அதன் இடத்தில் மாட்டிய பொருளுக்கும் கட்டியிருக்கிறார். தப்பிக்க வேண்டும் என்ற எண்ணத்தைவிட, இரும்பைத் திறந்துபோட மனம் வராத பழக்கம் பெரிதாக இருந்திருக்கிறது. இன்சுலினை நம்பியிருந்த நாற்பத்தொரு பேரைத் திறந்துபோட மட்டும் மனம் வந்திருக்கிறது.

சிவபிரகாஷ் பக்கத்திலிருந்த கல்லில் உட்கார்ந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியம், ஊரே பந்து விளையாட்டு பார்க்கப் போயிருந்தபோது மாற்றினாராம். பாட்டுப் பெட்டி வைத்ததிலிருந்து அவருடைய வண்டி வழியில் படுத்துக்கொண்டதாம். “சீசன் மட்டும்தான் மேடம். முடிஞ்சதும் திருப்பி மாட்டிடணும்னு இருந்தேன். டூரிஸ்ட் பசங்க பாட்டு இல்லாத ஜீப்ல ஏற மாட்டேங்கறாங்க. பழசே ஓட்டிடும்னு நெனச்சேன், கியா கரேன், என்ன பண்றது.”

“கந்தன்?”

“அவன் மெயின்லேண்ட் ஆளு. ஊருக்குப் போனா அங்கே வேற வேலை கிடைக்கும்.”

இதைச் சாதாரணமாக, ஒரு வசதியைச் சொல்வதுபோல் சொன்னார். நீலாவதி கடலைப் பார்த்துத் திரும்பி, இரண்டு முறை ஆழமாக மூச்செடுத்தார். இருபத்திரண்டு ஆண்டுகளில் எத்தனையோ திருட்டைப் பார்த்தவர்தான். பசிக்குத் திருடியவர்களைக் கண்டு அவருக்கு இப்படிக் குமட்டியதில்லை.

“உங்க சித்தி அன்னம்மாள் இதனாலதானே விழுந்தாங்க?”

“அதான் மேடம், போய்ப் பாத்துட்டு வந்தேன். பழம் வாங்கிட்டுப் போனேன். நர்ஸ் உள்ளே விடலை.”

“சர்க்கரை நோயாளிக்குச் சப்போட்டா” என்றான் கோகுல். “திருடினதோட விட்டிருக்கலாம் ஸார்.”

போலீஸ்காரர் எல்லாவற்றையும் படம் எடுத்து, எழுதிக்கொண்டார். ஷோபனாவிடம் நீலாவதி கைபேசியில் பேசினார். அடுத்த மருந்து நாளைக் காலை போர்ட் பிளேரில் கிடைக்கும்; சங்க ஜீப் தயாராக வேண்டும்; ஆல்டர்னேட்டர் இன்றே ரங்கத்துக்கு வந்தாக வேண்டும் என்றாள் அவள். அதைக் கழற்றும்படி போலீஸ்காரர் சிவபிரகாஷையே பணித்தார்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டே கழற்றினார். நான்கு போல்ட்டுகளும் ஒரு சிணுக்கமின்றி வழுவழுவென்று வந்தன. கழற்றி முடித்து, ஆல்டர்னேட்டரைக் கல்மேல் வைத்தார். பிறகு, யாரும் சொல்லாமலே, கதவின் பையிலிருந்து கிரீஸ் டப்பாவை எடுத்து ஒவ்வொரு போல்ட்டிலும் விரலால் தடவி, அந்தப் பாதிப் பசுவை மறுபடியும் மின்முனையில் சுற்ற ஆரம்பித்தார். தாம் என்ன செய்கிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை.

நீலாவதி கந்தனை அழைத்தார். சுருக்கமாகச் சொன்னார்: கிடைத்துவிட்டது, எடுத்தவர் ஒப்புக்கொண்டார், சுப்பம்மாள் மூட்டையை அவிழ்க்கலாம். எடுத்தது யார் என்பதையும் சொன்னார். கந்தன் அழுவான் அல்லது திட்டுவான் என்று அவர் எதிர்பார்த்தார். அவன் கேட்டது வேறு.

நீலாவதி கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார். பிறகு கல்லருகே போய், கைபேசியை நீட்டினார்.

“கந்தன் ஒரு கேள்வி கேக்கறான். எனக்குப் பதில் தெரியாது. நீங்களே சொல்லுங்க.”

சிவபிரகாஷ் கிரீஸ் அப்பிய விரல்களால் அதை வாங்கிக் காதில் வைத்தார். சின்னக் குரல் வெளியே நின்றவர்களுக்கும் கேட்டது.

“அன்னம்மா பாட்டிக்கு இப்ப எப்படிங்க இருக்கு?”

ரங்கத்துக்குப் போகும் பஸ் ஹாரன் அடித்தது. கோகுல் ஆல்டர்னேட்டரைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரு கையாலும் தூக்கிக்கொண்டான். கல்லருகே இருந்த மனிதர் கைபேசியைக் காதோடு வைத்தபடி, மறுகையின் கிரீஸைத் தம் வெள்ளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே இருந்தார்.